இடது பக்கம் பாடாத பெட்டி

தட்டில் நாலு இட்லி. ராஜசேகருக்கு ஒன்றுகூட இறங்கவில்லை. கண் முழுக்க செல்போனில்.

"ஞாயித்துக்கிழமையும் அதுவுமா இன்னாத்துக்கு இப்படித் தவிக்கிறீங்க?" என்றாள் மனைவி அம்சவேணி.

"வல்லக்கோட்டையில ஒரு ஆம்ப்ளிஃபயர் விலைக்கு வந்திருக்கு. இந்த கம்பெனி பேரே இங்க யாருக்கும் தெரியாது வேணி. கொஞ்சம்தான் செஞ்சான், கடையை மூடிட்டான். அதோட சத்தத்தைக் கேட்டவன் வேற எதையும் தொடமாட்டானாம்."

"வூட்ல ஏற்கெனவே ரெண்டு தூங்குதே?"

"அது வெறும் பெட்டி. இது ஆம்ப்ளிஃபயர்!"

அம்சவேணி தலையில் அடித்துக்கொண்டாள். தாலி கட்டும்போது கெட்டிமேளத்துக்கே காதில் பஞ்சு வைத்துக்கொண்ட மாப்பிள்ளையிடம் வேறென்ன பேச முடியும்?

ராஜசேகர் ஒரகடத்தில் பிரஸ் ஷாப் சூப்பர்வைசர். கார்த் தகடுகளை இயந்திரங்கள் நாள் முழுக்க இடிஇடியென்று இடிக்கிற இடம். அங்கே அவர் சத்தம் நுழையாதபடி இரண்டு காதிலும் இயர் பிளக் செருகி, அதற்கு மேல் காதை மூடும் ஒரு மஃப்பும் மாட்டிக்கொள்வார். "காதுதான் என் சொத்து" என்பார்.

மறைமலை நகரிலிருந்து பைக்கில் கிளம்பினார். ஒரகடத்தில் கன்டெய்னர் லாரிகள் வழிவிடவில்லை. அதற்குள் எவனாவது தூக்கிக்கொண்டு போயிருந்தால்? பெட்டி கைக்கு வந்தால் அர்ச்சனை செய்வதாக வல்லக்கோட்டை முருகனிடம் நேர்ந்துகொண்டார்.

வரிசையாக ஒற்றை அறை வீடுகள். போனில் பேசிய பெண்தான் கதவைத் திறந்தாள். பெயர் சந்தனமாரி. தெக்கத்திப் பேச்சு. உள்ளே பாத்திரங்களும் துணிகளும் சாக்கு மூட்டைகளில் இருந்தன.

"ஊருக்குப் போறோம் சார். அவுகள கம்பெனியில இனிமே வேண்டாம்னுட்டாக."

ராஜசேகர் காதில் அது விழவில்லை. சுவரோரம் இரண்டு ஸ்பீக்கர்களுக்கு நடுவே வெள்ளி முகப்போடு பெட்டி உட்கார்ந்திருந்தது. அதேதான்!

"இது எப்படிம்மா உங்ககிட்ட வந்துச்சு?"

"ஒரு ஜப்பான்காரர் வீட்டைக் காலி பண்ணும்போது பழைய சாமான்காரன்கிட்ட போட்டுட்டுப் போனாராம். எங்க வீட்டுக்காரவுகளுக்குப் பாட்டுன்னா உசிரு. வாங்கிட்டு வந்துட்டாக."

பாட்டைப் போட்டார். வலது ஸ்பீக்கர் தேனாய்ப் பாடியது. இடது ஸ்பீக்கர் வாயே திறக்கவில்லை.

ஒரு பக்கம் போச்சா? இதற்கு ஸ்பேர் எங்கே கிடைக்கும்? குனிந்து பார்த்தார். பேலன்ஸ் குமிழ் கடைசிவரை வலது பக்கம் திருகியிருந்தது. அப்பாடா! சத்தத்தையெல்லாம் வலது ஸ்பீக்கருக்கே தள்ளிவிட்டிருக்கிறார்கள். நடுவில் திருப்பினால் சரியாகிவிடும்.

அவர் திருப்பவில்லை.

"இன்னாம்மா இது? ஒரு பக்கம் அவுட்டு. ரிப்பேர் பண்ண ஆளே கிடையாது. பாதி விலைன்னா எடுத்துக்கிறேன்."

சந்தனமாரியின் முகம் சுருங்கிப்போனது. "நல்லாத்தான சார் பாடுச்சு? அவுக வரட்டும், ஒரு வார்த்தை கேட்டுக்கிடுதேன்."

புருஷன் வந்தால் குமிழைத் தொட்டுவிடுவானே! விஷயம் தெரிந்தவன் தெரியாதவனிடம் வாங்குவதுதானே வியாபாரம் என்று மனசுக்கு ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டார்.

"எனக்கு டைம் இல்லம்மா. இப்பவே எடுத்துக்கினு போறேன்" என்று ஒயரில் கை வைத்தபோது, தோளில் தண்ணீர் கேனோடு ஒரு இளைஞன் உள்ளே வந்தான்.

"தம்பி..." என்றார் ராஜசேகர். அவன் பாட்டுக்கு அவரைக் கடந்துபோனான்.

"அந்தப் பக்கம் நின்னு கூப்பிடாதீங்க சார். அவுகளுக்கு இடது காது கேக்காது" என்றாள் சந்தனமாரி.

கேனை இறக்கித் திரும்பியவன், பதறிப்போய்க் கையைத் துடைத்துக்கொண்டான்.

"சார்! நீங்களா? மாரி, எங்க லைன் சூப்பர்வைசர் சார் இவுக!"

ராஜசேகருக்கு அடையாளம் தெரியவில்லை.

"கொம்பையா சார், காண்டிராக்ட். மூணாவது பிரஸ். ஹெல்மெட் போட்டாத்தான் சாருக்கு என் மூஞ்சி தெரியும்" என்று சிரித்தான்.

"ஒரு பக்கம் பாடலையாம். பாதி விலைதானாம்" என்றாள் சந்தனமாரி.

"அட, ரிப்பேர்லாம் இல்ல சார்." கொம்பையா குமிழை நடுவுக்குத் திருப்பினான். இடது ஸ்பீக்கரும் பாடியது. "நான்தான் இந்தப் பக்கம் தள்ளி வச்சிருந்தேன். கேக்காத காதுக்கு எதுக்கு சார் பாட்டு? பக்கத்து வீட்டுக்குத்தான் தொந்தரவு."

திருட்டு பிடிபட்டதுபோல் இருந்தது ராஜசேகருக்கு. எதையாவது பேசியாக வேண்டுமே என்று, பழக்க தோஷத்தில் சூப்பர்வைசர் குரல் வந்துவிட்டது.

"காது எப்படிப்பா போச்சு? இயர் பிளக் போடலையா?"

"வலது காதுல போட்டிருந்தேனே சார்." கொம்பையாவின் குரலில் கோபம் துளியும் இல்லை. "இடது காதுல போட்டா நீங்க கூப்பிடுறது கேக்கலன்னு, லைன்ல எல்லாரையும் கழட்டச் சொன்னீங்கல்லா? மெஷினும் அந்தப் பக்கந்தான. காது டெஸ்ட்ல ஃபெயில்னு போன வாரம் அனுப்பிட்டாங்க."

ராஜசேகரின் கை தானாகத் தன் இடது காதுக்குப் போனது.

கொம்பையா ஒயர்களைக் கழற்றி, பெட்டியைத் தன் துண்டிலேயே பதனமாகச் சுற்றினான். அவர் கையில் வைத்தான்.

"நீங்க சொன்ன விலையே போதும், எடுத்துட்டுப் போங்க சார். ரெண்டு காதும் உள்ளவுக கேட்டாத்தான் இதுக்கு மருவாதி."