சாக்பீஸ் ஜன்னல்

எட்டுச் சக்கரப் போர் வண்டியை எஃகில் கட்டுவதற்கு முன் மரப்பலகையில் மாதிரி ஒன்று செய்து, இடம் போதுகிறதா என்று வீரர்களை உள்ளே உட்கார வைத்துப் பார்த்தாள் வடிவமைப்பாளர் தமயந்தி. அவர்கள் இறங்கிப் போனபின் எட்டிப் பார்த்தால், உள்சுவரில் யாரோ சாக்பீஸால் ஒரு ஜன்னல் வரைந்திருந்தார்கள். கம்பிகூட இருந்தது.

“இதுல ஜன்னல் வைக்க முடியாதுங்க, குண்டு துளைச்சிடும்” என்றாள் மறுநாள் வந்த வீரர்களிடம்.

“தெரியும் மேடம். அழிக்காம இருந்தாப் போதும்” என்ற ஹவில்தார் சேவியர், பேசிக்கொண்டே ஜன்னலோர இருக்கையில் கைக்குட்டை போட்டு இடம் பிடித்தார்.

எஃகு வண்டி தயாரான அன்று தமயந்தி தனியாக உள்ளே ஏறி, கைப்பையிலிருந்து சாக்பீஸை எடுத்தாள். சட்டம் போட்டாள், கம்பி போட்டாள். ஜன்னல் கதவைத் திறந்திருப்பதாக வரைவதா, சாத்தியிருப்பதாக வரைவதா என்பதில்தான் கை நின்றது.