அக்காமாவுக்கு ஒரு இன்சூரன்ஸ்

“பிரசவச் செலவு தருவானா, இல்லியா? அத மொதல்ல கேளு மக்கா!” என்று போனுக்குப் பக்கத்தில் வந்து நின்று கத்தினார் பொன்னப்பன்.

லேகா ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டாள். “மாமா, அங்க இருக்கது அவரு ஒத்தைக்காக்கும். அவருக்கு என்னத்துக்குப் பிரசவம்?”

பொன்னப்பன் விடுகிற ஆளா? “எல்லாத்தையும் யோசிச்சுல்லா எடுக்கணும்” என்றார். அண்டை வீட்டுக்காரரான அவருடையதுதான் அந்தப் போன். பாறசாலைக்குப் பக்கத்தில் அந்த வளவில் இருந்த வீடுகளுக்கெல்லாம் அது ஒன்றுதான் போன் என்பதால், அதில் வருகிற பேச்சும் தன்னுடையதுதான் என்று அவருக்கு எண்ணம்.

கல்ஃபில் இருக்கும் ரதீஷ் வெள்ளிக்கிழமைதோறும் அதில்தான் கூப்பிடுவான். லேகாவின் கழுத்தில் தாலி கட்டிய கையோடு விமானம் ஏறியவன். இந்த மாதக் கடைசியில் அவனுடைய அக்காமா, அதாவது அங்கே தங்குவதற்கான அனுமதி, முடிகிறது. இன்சூரன்ஸ் எடுக்காமல் அதைப் புதுப்பிக்க முடியாது என்று இந்த வருஷம் புதிதாகச் சட்டம் போட்டுவிட்டார்கள். அக்காமா போனால் வேலையும் போகும். இங்கே கட்டத் தொடங்கிய வீடு கூரையில்லாமல் நிற்கும்.

மூன்று கம்பெனிகளின் தாள்களைத் தபாலில் அனுப்பி, ‘நீதான் படிச்சவளாச்சே, பாத்துச் சொல்லு’ என்று எழுதியிருந்தான்.

லேகாவும் மண்டையை உடைத்துக்கொண்டு பார்த்தாள். நெய்யாற்றின்கரைக்குப் போய் ஒரு ஏஜெண்டிடம் கால் கடுக்க நின்று விசாரித்தாள். ஒரு கம்பெனி ஆபரேஷனுக்குத் தரும், மருந்துக்குத் தராது. இன்னொன்று எல்லாவற்றுக்கும் தரும், ஆனால் அதன் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் காய்ச்சலே விட்டுப்போகும். மூன்றாவதுதான் தேவலை என்று அவள் சொல்லியும் ஆயிற்று.

அவனோ ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் முதலிலிருந்து ஆரம்பித்தான். முன்பெல்லாம் காசு ஓடுகிறதென்று ‘சொகந்தானே, வைக்கட்டா?’ என்று வைத்துவிடுகிறவன், இப்போது ‘இன்னொருக்கா வாசி, மெதுவா வாசி’ என்கிறான். குறித்துக்கொள்கிறானா என்றால் அதுவும் கிடையாது.

“அந்த ஆஸ்பத்திரி தூரம்னு போன வாரமே சொன்னேன்லா?”

“சொன்னியா? மறந்துட்டு. அந்த ரெண்டாவது கம்பெனியத் திரும்ப வாசி பாப்போம்.”

மாமியார் ஓமனா லேகாவின் விலாவில் இடித்தாள். “எனக்க மவனுக்கு முட்டுவலி உண்டு. அதச் சொல்லு, அதச் சொல்லு.” பொன்னப்பன் தன் பல்லைத் தொட்டுக் காட்டிப் பல் வைத்தியத்தை ஞாபகப்படுத்தினார்.

லேகாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை பேர் நடுவில் ஆசையாகப் பேச முடியாதுதான். அதற்காக, சாப்பிட்டியா என்று ஒரு வார்த்தைகூடவா கேட்கக்கூடாது? வேலையே போகப்போகிறது, இந்த மனுஷன் சாவகாசமாகக் கதை கேட்டுக்கொண்டிருக்கிறான். நான் சொன்னால் இவனுக்கு நம்பிக்கை இல்லை, அதுதான் விஷயம் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

“இனி வாசிக்க எனக்கு முடியாது!” என்று கத்தினாள். “என்னத்தையாவது எடுத்துத் தொலைங்க. அக்காமா முடிஞ்சு ஒங்களப் பிடிச்சு பிளேன்ல ஏத்தி விடும்போ தெரியும்!”

பொன்னப்பன் பல்லிலிருந்து கையை எடுத்தார். “என்னவாம்? அவன் என்ன சொல்லுதான்?” என்று ஓமனா பதறினாள்.

ரதீஷ் லேகாவின் காதுக்கு மட்டும் எட்டும்படி மெல்லச் சொன்னான்.

“நீ சொன்னத அப்பவே எடுத்து, அக்காமாவும் புதுசா அடிச்சாச்சு பிள்ளே. அம்ம பக்கத்துல நிக்கும்போ, வேற என்னத்தச் சொல்லி ஒனக்க சத்தத்தக் கேக்க?”