லாக்கரில் இருந்த பேட்ஜ்

யுரேனியம் ஆலை ஒன்றில் பொன்னரசு என்ற தொழிலாளி இருந்தான். உடம்பில் எவ்வளவு கதிர்வீச்சு படுகிறது என்று அளக்க அவனுக்கு ஒரு பேட்ஜ் கொடுத்திருந்தார்கள். அளவு கூடினால் கூட்டாளிகளிடமிருந்து பிரித்து, வாசல் கேட்டில் தனியாக உட்கார வைத்துவிடுவார்களே என்று அவனுக்குப் பயம். அதனால் தினமும் பேட்ஜை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போவான்.

மாதக் கடைசியில் எடுத்துப் பார்த்தால் பேட்ஜில் பூஜ்ஜியம்தான் இருக்கும்.

"இந்த ஆலையிலேயே என்னை மாதிரி சுத்தமானவன் கிடையாது, தெரியுமா?" என்று லாக்கரில் பக்கத்திலிருந்த டிபன் பாக்ஸிடம் பேட்ஜ் பீற்றிக்கொண்டது.

"நீ எங்கேடா உள்ளே போனே? தினமும் என்கூட சாம்பார் வாசம் பிடிச்சுக்கிட்டுல்ல கிடக்கே!"

"போகாததாலதான் சுத்தமா இருக்கேன்."

"சரி, அந்த மனுஷன் மேல எவ்வளவு பட்டிருக்கும்?"

"அதைப் பத்தி என்கிட்ட ஒரு தகவலும் இல்லையே," என்றது பேட்ஜ். அது உண்மைதான்.

பாதுகாப்பு வாரம் வந்தது. வருஷம் முழுக்கப் பூஜ்ஜியம் காட்டிய பேட்ஜுக்கு அதிகாரிகள் கைதட்டினார்கள். குட்டியாக ஒரு மாலை போட்டு, வரவேற்பறைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். பொன்னரசுக்கு வேறு பேட்ஜ் கொடுத்தார்கள்.

போன வருஷம் பரிசு வாங்கிய ஹெல்மெட் ஒன்று கண்ணாடிப் பெட்டிக்குள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. அதன்மேல் ஒரு கீறல்கூட இல்லை. பேட்ஜைப் பார்த்ததும் அது சந்தோஷமாக நகர்ந்து இடம் கொடுத்தது.

"வாங்க, வாங்க! நீங்க எந்த லாக்கர்?"