வரைபடத்தில் விட்டுப்போன வீடு

பெருங்குடலில் புண், ஆயுளுக்கும் மாத்திரை என்று டாக்டர் சொன்ன மறுநாளே, வடமலை அலுவலகம் போகும் பஸ் வழியில் இருந்த கழிப்பறைகளையெல்லாம் ஒரு தாளில் குறித்துக்கொண்டார். பெட்ரோல் பங்க், கல்யாண மண்டபத்தின் பின்பக்கம், தாழ்ப்பாள் இல்லாத கட்டணக் கழிப்பிடம். மில் ஸ்டாப்பிலிருந்து பாலம்வரை எதுவுமில்லை. அங்கே அண்ணன் வீடு மட்டும்தான். தன் மகளின் கல்யாணப் பத்திரிகையில் அண்ணன் பெயரை அவர் போடாமல் விட்டதிலிருந்து ஒன்பது வருடமாகப் பேச்சில்லை. இந்தத் தாளிலும் அவர் அந்த வீட்டைப் போடவில்லை.

வியாழக்கிழமை வயிறு சரியாக அங்கேதான் முறுக்கியது. பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடி, கதவைத் திறந்த அண்ணனை விலக்கிக்கொண்டு கழிப்பறைக்குள் போய்த் தாழிட்டார். குழாயைத் திருகினால் காற்றுதான் வந்தது.

வெளியே செருப்புச் சத்தம் வந்து நின்றது.

“மோட்டார் போட்டிருக்கேன், தண்ணி வந்துரும்” என்றது அண்ணன் குரல். “அவசரப்படாம வாடா.”