பதினேழாம் நம்பரின் கேள்விகள்

"இதெல்லாம் ஒரு கேள்வியாம்மா?"

தலைமை ஆசிரியை கம்ப்யூட்டரில் அச்செடுத்த காகிதத்தை மேஜைமேல் போட்டார். எதிரே ரோல் நம்பர் பதினேழு. வாயாடி என்று பேர் வாங்கியவள், இன்று பெட்டிப் பாம்பாக நின்றாள். பக்கத்தில் புவியியல் டீச்சர்.

டீச்சர் வகுப்புக்குக் கொடுத்த வேலை இது: ஆளுக்கொரு வெளிநாடு. லேப் கம்ப்யூட்டரில் ரோல் நம்பரைத் தட்டி, ஏஐயிடம் கேட்டு, அந்த மக்களைப் பற்றித் தானாகவே கற்றுக்கொள்ள வேண்டும். அது லேசில் பதில் சொல்லாது. திருப்பிக் கேட்டு யோசிக்க வைக்கும். மற்ற பிள்ளைகள் கோட்டை, கொடி என்று வெளுத்து வாங்கியிருந்தார்கள்.

இவள்?

"'அந்த நாட்டுல குழந்தைங்க அப்பாவோட அம்மாவை எப்படிக் கூப்பிடும்?' 'போட்டோவுல மட்டும் பார்த்தவங்ககிட்ட ஒரு வயசுக் குழந்தை வருமா?' கடைசியா கேட்டிருக்கே பாரு! 'ரெண்டு வருஷமா பேசாத மாமியார் போன் பண்ணினா அந்த ஊர் மருமக எடுப்பாளா?' பதிமூணு வயசுல உனக்கு எதுக்குடி இந்தப் பஞ்சாயத்து?"

பெண் டீச்சரை ஒருமுறை பார்த்தாள். "சும்மா தோணுச்சு மேடம். தப்புதான்."

"நீங்களாவது கண்டிக்கக் கூடாதா டீச்சர்?"

டீச்சர் வாயைத் திறந்தார். மணி அடித்ததும், வகுப்பு இருக்கிறது என்று கிளம்பிவிட்டார்.

"உனக்கு முட்டை மார்க்தான், போ!"

சொல்லிக்கொண்டே கையெழுத்துக்கு வந்த வருகைப் பதிவேட்டைப் பிரித்த தலைமை ஆசிரியை, காகிதத்தில் கேள்விகளுக்கு எதிரே இருந்த தேதியையும் பார்த்தார்.

"நில்லும்மா. போன வாரம் பூரா நீ வரவே இல்லையே?"

"காய்ச்சல் மேடம்."

"அப்போ உன் நம்பர்ல இதையெல்லாம் கேட்டது யாரு?"

மறுபடி காகிதத்தை எடுத்தார். கடைசிக் கேள்விக்கு ஏஐ திருப்பிக் கேட்டிருந்தது: 'அந்த மருமகள் இடத்தில் நீங்கள் இருந்தால்?'

கீழே ஒரே வரி. 'எடுக்க மாட்டேன். நான் பேசின பேச்சு அப்படி.'

தலைமை ஆசிரியைக்குச் சுருக்கென்றது. டீச்சரின் மகன் அந்த நாட்டில்தான் இருக்கிறான். அந்த ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டவன். அவன் பேச்சை எடுத்தாலே டீச்சர் எழுந்து போய்விடுவார்.

"அடிப்பாவி, ஏன் நீ பழியை ஏத்துக்கிட்டே?"

"நீங்க படிக்கப் படிக்க டீச்சர் அழுதிடுவாங்க போல இருந்துச்சு மேடம்." பெண் தயங்கினாள். "முட்டை மார்க்கே இருக்கட்டும். அவங்களை மட்டும் எப்படியாவது போன் பண்ணச் சொல்லுங்க."