போகாத விளம்பரம்

“எதைத் தொறந்தாலும் புற்றுநோய் ஆஸ்பத்திரி விளம்பரமா வருதுபா. நமக்கே வந்துடுமோன்னு பயமா கீது” என்றார் பக்தவச்சலம்.

கம்ப்யூட்டரைச் சரிபார்க்க வந்த பிரேம்குமாருக்கு, பக்தவச்சலத்தின் மனைவி அனுசுயா காபி கொண்டுவந்தாள். காலையில்தான் திருத்தணி மலையில் மொட்டை போட்டிருந்தாள். தலையில் சந்தனம் இன்னும் காயவில்லை.

“வேண்டுதலாக்கா?”

“ஆங்” என்று நகர்ந்தாள்.

ஒரு மணி நேரத்தில் வைரஸ் போயிற்று. கூடவே வந்துகொண்டிருந்த சீட்டாட்ட விளம்பரங்கள் மறைந்தன. ஆஸ்பத்திரி மட்டும் அப்படியே நின்றது.

“இது வைரஸ் இல்லண்ணா. வீட்ல யாரோ இதையே தேடிகினு இருக்காங்க.”

“நான் தேடலையே! இங்க நாங்க ரெண்டு பேருதான்...”

பக்தவச்சலம் மனைவி பக்கம் மெல்லத் திரும்பினார்.

அனுசுயா முந்தானையால் தலையை மூடிக்கொண்டாள்.

“வைத்தியத்துல முடியெல்லாம் கொட்டிடும்னாங்க. அதான் முன்னாடியே முருகனுக்குக் குடுத்துட்டேங்க.”