ஊசித் தடம்

நேர்ஸ் போர்வையை விலக்கியதும் பாலேஸ்வரி எட்டிப் பார்த்தாள். சின்ன மகள் அட்சயாவின் அடிவயிறு முழுக்க ஊசி குத்திய தடங்கள், நீலமும் மஞ்சளுமாகக் கன்றிப்போயிருந்தன.

வயிற்றுவலியில் துடித்தவளை அஜின்கோர்ட்டில் தங்கள் வீட்டிலிருந்து காரில் அள்ளிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தபோது அப்பென்டிக்ஸாக இருக்கும் என்றுதான் நினைத்தாள். யூனிவர்சிற்றிக்குப் போகிற பெட்டை போதை ஊசிக்குப் பழகிவிட்டாளே என்று இப்போது அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஸ்கான் பார்த்த டாக்டர் அம்மா சுற்றிவளைக்கவில்லை. கர்ப்பப்பைக்குப் பக்கத்துச் சூலகம் ஒன்று தோடம்பழம் அளவுக்கு வீங்கி முறுக்கிக்கொண்டு நிற்கிறதாம், அதற்கு இரத்தம் போகவில்லையாம். உடனே ஒப்பரேஷன் செய்ய வேண்டும், அதற்கு முன் என்ன ஊசி போட்டாள் என்று தெரிந்தாக வேண்டும் என்றார். தாயை வெளியே நிற்கச் சொன்னார்கள். பாலேஸ்வரி கட்டில் கம்பியைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள்.

அட்சயா, கூட வந்திருந்த தமக்கையை ஒருமுறை பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஒண்டும் போடேல்லை அம்மா."

தமக்கை நிரூபா திரைச்சீலையோடு ஒட்டி நின்றாள். பாலேஸ்வரியின் கோபம் அவள் பக்கம் திரும்பியது. நேற்றுவரை கொஞ்ச நாளாகச் சின்னவள் ஸ்ரௌவ்வில்லில் நிரூபா வீட்டில்தான் தங்கியிருந்தாள். கலியாணமாகி இத்தனை வருடமாகியும் பிள்ளையில்லாத வீடு, தங்கச்சி நின்றால் கலகலப்பாக இருக்கும் என்று பாலேஸ்வரிதான் சந்தோஷமாக அனுப்பிவைத்தாள்.

"உன்ர வீட்டிலதானே நிண்டவள். உனக்குக் கண் தெரியேல்லையோ?"

நிரூபா திரைச்சீலையை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

பாலேஸ்வரி மகளின் முகத்தருகே குனிந்தாள். அடிக்கமாட்டேன், அப்பாவிடமும் சொல்லமாட்டேன் என்று கெஞ்சினாள்.

"எந்த நாசமறுப்பான் உனக்கு உதைக் குத்தினவன்? பேரை மட்டும் சொல்லு பிள்ளை."

அட்சயா வலியில் சுருண்டாள். தலையணை கண்ணீரில் நனைந்திருந்தது.

"ஏலாது அம்மா. பிராமிஸ் பண்ணிப்போட்டன்."

உயிர் போகிற நேரத்திலும் எவனையோ காப்பாற்றுகிறாளே என்று பாலேஸ்வரிக்குப் பெற்ற வயிறு பற்றியெரிந்தது. கட்டிலடியில் நிலத்திலேயே இருந்துவிட்டாள். இவளைப் பறிகொடுக்கப் போகிறேனே என்று வாய்விட்டு அழுதாள்.

அப்போதுதான் நிரூபா திரைச்சீலையை விட்டு முன்னால் வந்தாள். ஊசிமருந்தின் பெயரையும் அளவையும் டாக்டரிடம் இங்கிலீஷில் கடகடவென்று சொன்னாள். கட்டிலைத் தள்ளிக்கொண்டு எல்லோரும் ஓடினார்கள்.

பாலேஸ்வரி திகைத்துப்போய் மூத்தவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"உனக்கு எப்பிடியடி தெரியும்?"

நிரூபா தாயின் பக்கத்தில் நிலத்தில் வந்து இருந்தாள்.

"நான்தான் குத்தினனான் அம்மா. அவளின்ர கருமுட்டை விளையிறதுக்கு. அதிலதான் எனக்கொரு பிள்ளை."